பெயருக்குக் கீழே இரண்டு வரி

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.
9 ஜூன் 2025

முருகானந்தத்துக்கு,

இன்று 2025 ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. எனக்கு வயது எழுபத்தைந்து ஆண்டு, இரண்டு மாதம், பதினொரு நாள். பிறந்த தேதி மார்ச் 29; கழித்துப் பார்த்துக்கொள். உன் அக்கா பிழையில்லாமல் கணக்கிடும் நிலையில் இருக்கிறாள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு மேலே படி.

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அது என்னைக் கேட்டு நடப்பதில்லை. உன் சர்க்கரையும் ஹேமலதாவின் இளைப்பும் எந்த அளவில் உள்ளன என்று எழுது.

நேற்று அடிவாரத்திலிருந்து அண்ணாமலை என்பவர் பஸ் ஏறி வந்தார். விவசாயி. அவர் மகள் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். செப்டம்பரில் கல்லூரியிலிருந்து இங்கே வந்து ஆறு நாள் தங்கிச் செடி கொடி பார்க்கும் பதினான்கு பெண்களில் ஒருத்தி. வந்தவர் வாசற்படியிலேயே நின்றார்.

“ஏனுங்கம்மா, நீங்கதானுங்களா அந்தம்மா?”

“எந்தம்மாங்க?”

“அதானுங்க, போன்ல போட்டிருக்குதுங்களே. கோவிச்சுக்காதீங்க.”

“இன்னும் கோவிக்கலைங்க. காட்டுங்க.”

காட்டினார். ‘மேட்டுவீடு கொல்லிமலை’ என்று தேடினால் முதலில் நம் வீட்டு இணையதளத்தின் பெயர் வருகிறது. பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், இரண்டு வரி விவரம் வருகிறது. அதை அப்படியே எழுதுகிறேன்: ‘மூன்று அறைகள். உரிமையாளர் அம்மா வயதானவர், தனியாக வசிப்பவர். சற்று நிதானமில்லாமல் பேசுவார், மறதியும் உண்டு. பொருட்படுத்த வேண்டாம்.’

நான் வாய்விட்டுப் படித்ததைச் சமையற்கட்டிலிருந்த பாவாயி கேட்டுவிட்டாள். “மறதியாமா? மூணு வருசத்துக்கு முந்தி நான் ஒடைச்ச கண்ணாடிச் சாடிய இன்னும் சொல்லிக்கிட்டிருக்குதுங்க இந்தம்மா. மறதி இருந்தாத்தான் நான் பொழைச்சேனே.”

அண்ணாமலை சிரித்தார். காப்பியும் குடித்தார். ஆனால் கல்லூரி கேட்ட ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாமல், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இவர் ஒருவராவது நேரில் வந்தார். மற்றப் பதின்மூன்று தகப்பன்மார் வீட்டிலிருந்தே இந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு முடிவு செய்வார்கள்.

இந்தத் தளத்தைக் கட்டியவன் நீ. அந்த வரிகளை எழுதியவர் யார்? பதிலைக் கடிதமாக எழுது. தொலைபேசியில் நீ பேச்சை மாற்றுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். நடப்பதை விட்டுவிடாதே.

அம்சவேணி


ஈரோடு
17 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். உங்கள் முழங்காலுக்கு ஹேமா தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். சர்க்கரை சாப்பாட்டுக்கு முன் நூற்று நாற்பது. அவளுக்கு இளைப்பு காலையில் மட்டும்.

நீங்கள் எழுதியதைப் படித்து மிகவும் வருத்தப்பட்டேன். தேடுபொறி என்பது ஓர் இயந்திரம், அக்கா. தேடுகிறவர் எந்தச் சொல்லைப் போடுகிறாரோ அதற்கு ஏற்றபடி, பக்கத்திலிருந்து தனக்குத் தோன்றிய வரியைக் கிள்ளி எடுத்துக் காட்டும். நாம் சொன்னால் கேட்காது. தங்கிப் போனவர்கள் யாராவது எங்கேயாவது எழுதியிருப்பார்கள், அதை எடுத்திருக்கும். என் கையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் தானே மாறிவிடும்.

இதற்குப் போய் மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள். மழைக்கு முன் இங்கே வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனால் என்ன? மேல்மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

தங்கள் ஆசியை நாடும் தம்பி,
முருகானந்தம்


வாழவந்தி நாடு
24 ஜூன் 2025

முருகானந்தத்துக்கு,

நலமே. தைலம் வேண்டாம், இருக்கிற இரண்டு புட்டிகளே பயன்படவில்லை. நூற்று நாற்பது என்பது நீ சொல்லும் எண்ணா, கருவி சொல்லும் எண்ணா என்று ஹேமலதாவை ஒரு வரி எழுதச் சொல்.

உன் விளக்கத்தை ஒரு தேற்றமாக எடுத்துக்கொண்டு சோதித்தேன். இயந்திரம் பக்கத்திலிருந்து ஒரு வரியைக் கிள்ளி எடுக்கிறது என்றால், பக்கத்தில் அந்த வரி இருக்க வேண்டும். நம் தளத்தில் ஐந்து பக்கங்கள். ஐந்தையும் பாறை மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தேன். அறைகள் உண்டு, மிளகுக் கொடி உண்டு, பலாப்பழத்தின் படம் தேவைக்கு மேல் உண்டு. நான் நிதானமில்லாதவள் என்ற செய்தி எங்கும் இல்லை. விருந்தினர் கருத்து எழுதும் இடமே நம் தளத்தில் இல்லை. வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

ஆகவே இல்லாத வரியை இயந்திரம் எங்கிருந்து கிள்ளியது?

கல்லூரியிலிருந்து துறைத் தலைவி ராதிகா கூப்பிட்டாள். இரண்டு தகப்பன்மார் மறுத்துவிட்டார்களாம். “அம்மா, நான் உங்களைப் பத்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேங்க. போனைக் காட்டறாங்க” என்றாள். பன்னிரண்டு ஆண்டுகளாக வருடந்தோறும் பெண்களை அழைத்து வருகிறவளின் வாய்ச்சொல்லைவிட, யார் எழுதியது என்றே தெரியாத இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

பெண்களை நம்பி அனுப்பக்கூடிய வேறு இடம் இந்த மலையில் அந்தக் கல்லூரிக்குக் கிடைக்கவில்லை. இங்கே தங்க முடியாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள். புத்தகத்தில் படம் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவார்கள். இது உனக்குத் தெரியும்.

ஹேமலதாவுக்கு என் விசாரிப்பு.

அம்சவேணி


ஈரோடு
5 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். ஹேமா தனியாக எழுதுவதாகச் சொன்னாள், கை வலிக்கிறதாம். கதிர்வேல் ஓசூரில் வீடு பார்த்துவிட்டான். ஆவணி மாதம் பால் காய்ச்சுகிறோம். அவன் அத்தை வந்துதான் விளக்கேற்ற வேண்டும் என்கிறான்.

அந்த விஷயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இந்தத் தளத்துக்கு விவரமே காட்டாதே என்று தேடுபொறிக்கு ஒரு கட்டளை கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் பெயர் மட்டும் வரும், கீழே எதுவும் வராது. பேச்சுக்கே இடமில்லை. செய்துவிடட்டுமா?

இந்த வருடம் பலா எப்படி? சென்ற முறை அனுப்பியதை அக்கம்பக்கத்தார் இன்னும் சொல்கிறார்கள்.

தம்பி,
முருகானந்தம்


வாழவந்தி நாடு
14 ஜூலை 2025

முருகானந்தத்துக்கு,

என் உடல்நலத்தை இந்தக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பொய் சொல்ல நேரும்.

சென்ற வாரம் சோளக்காட்டுக்குப் போனேன். மிளகு மண்டிக்கு எதிரே, ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பம் போட்டுத் தரும் சிறிய கடை. நடத்துகிறவள் இளமதி, கணினி படித்தவள். நம் தளத்தைத் திறந்து எதையோ அழுத்தினாள். படங்கள் எல்லாம் மறைந்து, அவற்றுக்குப் பின்னால் நீ எழுதி வைத்திருக்கும் கட்டளைகள் வரிசையாக வந்தன. பன்னிரண்டாம் வரியில் விரலை வைத்தாள்.

“இந்த எடந்தானுங்கம்மா. பக்கத்துல தெரியாது. ஆனா தேடுறவங்களுக்கு எங்க தளத்தப் பத்தி இப்படிக் காட்டுன்னு நாம எழுதிக் குடுக்கிற விவரக் குறிப்பு.”

“மெசினு எழுதறதில்லையா?”

“மெசினு எடுக்குமுங்க, விடுமுங்க. இந்த எடத்துல அதுவா எழுதாதுங்க. தளம் கட்டுனவங்க கையால அடிக்கோணும். யாருங்க கட்டுனது?”

“எந்தம்பி.”

அதன்பின் அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல், “டீ சொல்லட்டுங்களா?” என்றாள்.

வயதானவர், தனியாக வசிப்பவர், சற்று நிதானமில்லாமல் பேசுவார். எல்லாம் அங்கே இருந்தன, முற்றுப்புள்ளி உட்பட. இரண்டு கடிதங்களில் ஓர் இயந்திரத்தின் மேல் பழி போட்டிருக்கிறாய். அதற்கு வாய் இருந்தால் என்னைவிட நிதானமில்லாமல் பேசியிருக்கும்.

இப்போது அந்த இடத்தை வெறுமையாக்கலாம் என்கிறாய். என்னைப் பற்றித் தவறாக எழுதியதற்குத் தீர்வு, என்னைப் பற்றி எதுவும் எழுதாமல் இருப்பதா? பெயரை மட்டும் போட்டு வாயை அடைத்து வைத்தால், படிக்கிற தகப்பன் பழையதைத்தான் நினைத்துக்கொள்வான்.

1971 ஜூலைக் கடைசி உனக்கு நினைவிருக்கும். நீ பத்தாம் வகுப்பு. கல்யாணம் வேண்டாம், எம்.எஸ்ஸி. படிக்கிறேன் என்று நான் கோவைக்குப் பஸ் ஏறிய பன்னிரண்டாம் நாள் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. ‘காணவில்லை. சா. அம்சவேணி, வயது 21, மாநிறம், உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சற்று மனநிலை சரியில்லாதவர். கண்டவர்கள் தெரிவிக்கவும்.’ நான் காணாமல் போகவில்லை. விடுதியின் முகவரியை எழுதி, மேசை மேல் வைத்துவிட்டுத்தான் வந்தேன். விடுதிக் காப்பாளர் அறிவிப்பைப் படித்தார். படித்தவுடன் என் பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்தார். நான் பி.எஸ்ஸி. இயற்கணிதத்தில் வகுப்பில் முதலாவது என்பதை அவரிடம் எவ்வளவு நிதானமாகச் சொல்வது? நிதானமாகச் சொன்னாலும் நோய், கத்திச் சொன்னாலும் நோய். ஆய்வக உதவியாளராக இருந்த ஓர் அம்மாள் தன் ஒற்றை அறையில் பதினொரு நாள் எனக்கு இடம் கொடுத்திராவிட்டால், உன் அக்கா அந்த மாதமே ஊர் திரும்பியிருப்பாள்.

இந்த வீட்டில் மூன்று அறைகளை நான் எதற்காகத் திறந்து வைத்தேன் என்று இதுவரை நீ கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டியதில்லை.

அந்த வரியை எதற்காக எழுதினாய் என்று மட்டும் எழுது. மாத முடிவுக்குள்.

என் உடல்நலம்: நலம்.

அம்சவேணி


வாழவந்தி நாடு
6 ஆகஸ்ட் 2025

முருகானந்தத்துக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹேமலதா தந்தியைவிட வேகமாகச் சொல்லியிருப்பாள்.

மாதம் முடிந்தது. உன் பதில் வரவில்லை. மறுத்த தகப்பன்மார் இப்போது ஆறு பேர். எட்டுப் பேருக்குக் குறைந்தால் கல்லூரி பஸ் அனுப்பாது என்று ராதிகா எழுதியிருக்கிறாள். இன்று சரியாக எட்டு. அண்ணாமலை இன்னும் கையெழுத்துப் போடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவரைச் சேர்த்துத்தான் எட்டு.

அம்சவேணி


ஈரோடு
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான்தான் எழுதினேன், அக்கா. ஓய்வு பெற்றபின் தளம் கட்டும் வகுப்புக்குப் போனேன் இல்லையா, அங்கே அந்த இடம் இயந்திரத்துக்கானது, பக்கத்தில் யாருக்கும் தெரியாது, தளத்தைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள் என்றார்கள். இயந்திரத்திடம் மட்டும்தான் சொல்கிறோம் என்று நினைத்தேன். அதையே ஊருக்கெல்லாம் எடுத்துக் காட்டும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

தை மாதம் ஒரு குடும்பம் வந்ததே, மிளகுக் கொடியைப் பிடித்து இழுத்துப் படம் எடுத்தார்கள் என்று பெட்டியோடு வெளியே அனுப்பினீர்கள். அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினார். “என்னங்க, உங்கக்காவுக்கு ஏதாவது கோளாறுங்களா?” என்று கேட்டார். ஆமாங்க, வயசாயிருச்சுங்க, பெருசா எடுத்துக்காதீங்க என்றேன். உடனே ஓய்ந்துவிட்டார். அப்படிச் சொன்னால் யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தோன்றியது. அதனால்தான் எழுதினேன். உங்களைக் காப்பாற்றுகிற நினைப்புதான்.

பழைய அறிவிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பா செய்தது தவறு. அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருடமாகிறது. பேப்பர் ஏஜெண்ட் யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கியிருப்பார். எனக்குச் சரியாக நினைவில்லை.

புதிய விவரம் ஒன்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்: ‘இயற்கை அன்னையின் மடியில், அன்பே உருவான கணித மேதை அம்மாவின் பாசம் நிறைந்த இல்லம். தாய்மடி தேடி வாருங்கள்!’ நீங்கள் சரி என்றால் உடனே போட்டுவிடுகிறேன்.

தம்பி,
முருகானந்தம்


வாழவந்தி நாடு
25 ஆகஸ்ட் 2025

முருகானந்தத்துக்கு,

நலம். நான்கு முறை கிழித்தபின் ஐந்தாவதை அனுப்பியது நன்று. ஐந்தாவதில் பாதி உண்மை இருக்கிறது.

ஒரு மூடன் என்னைக் கோளாறா என்று கேட்டால், ‘இல்லை, நீ கொடியைப் பிடுங்கினாய்’ என்பது பதில். ஆமாம் என்று நீ சொன்னதால் காப்பாற்றப்பட்டது யார்? அரை மணி நேரத் திட்டிலிருந்து நீ தப்பினாய். அதற்கு விலையாக என் புத்தியைக் கொடுத்தாய். இதற்குக் காப்பாற்றுதல் என்று பெயர் வைக்காதே.

நீ அனுப்பிய புதிய விவரம் பழையதைவிட மோசம். நான் அன்பே உருவானவள் என்று நம்பி யாராவது வந்துவிட்டால், அவர்களை யார் சமாளிப்பது? பாவாயியிடம் படித்துக் காட்டினேன். “இது எந்த ஊட்டைப் பத்திங்க?” என்று கேட்டாள்.

நானே எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்தையும் மாற்றாமல் இடு:

‘மேட்டுவீடு, வாழவந்தி நாடு. மூன்று அறைகள், உள்தாழ்ப்பாள் உண்டு. உரிமையாளர் சா. அம்சவேணி, ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். மாணவிகள் தங்கலாம். பெற்றோர் வந்து பார்க்கலாம்.’

நீளமானால் இயந்திரம் நடுவில் வெட்டிவிடும் என்று இளமதி சொன்னதால் மூன்று முறை சுருக்கினேன். நாம் எழுதிக் கொடுத்தாலும் அதையே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லையாம். பக்கத்தில் வேறு வரி பிடித்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுமாம். ஆகையால் இதே வாசகத்தை முதல் பக்கத்தின் முதல் பத்தியாகவும் இடு. எந்தப் பக்கம் கை நீட்டினாலும் அதுவே அகப்படட்டும். குப்பை, கூச்சல், மிளகுக் கொடி பற்றிய என் விதிகள் இருக்கும் பகுதியை மட்டும், விவரத்துக்கு எடுக்காதே என்று குறியிட்டு வைக்கலாமாம். இடு. பிறகு தளத்தை மறுபடி வந்து பார்க்கும்படி தேடுபொறிக்கு விண்ணப்பம் அனுப்பு. அது வருவதற்குச் சில நாளோ வாரமோ ஆகலாம் என்கிறாள். எனவே இன்றே.

ஹேமலதாவின் கை வலி தேறியதா? கதிர்வேலுக்கு என் வாழ்த்து. விளக்கேற்ற வேறு ஆளைப் பார்க்கச் சொல்; எனக்குப் பஸ் ஒத்துக்கொள்வதில்லை.

அம்சவேணி


ஈரோடு
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஹேமாவின் கை தேறிவிட்டது. பால் காய்ச்சியது நல்லபடியாக நடந்தது.

நீங்கள் எழுதியபடியே போட்டுவிட்டேன். ஒன்பது நாள் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் எழுந்து தேடிப் பார்ப்பேன். பத்தாம் நாள் மாறிவிட்டது. கதிர்வேல் போனில், பக்கத்து வீட்டுக்காரர் போனில், எல்லாவற்றிலும் பார்த்துவிட்டேன். உள்தாழ்ப்பாள் உண்டு என்பது வரை நன்றாகத் தெரிகிறது. சில போனில் கடைசி வரி மட்டும் வெட்டுப்படுகிறது.

என்னை மன்னித்துவிடுங்கள், அக்கா. உங்களைக் கேட்காமல் உங்களைப் பற்றி நான் எழுதியது இதுதான் முதல் முறை. இதுவே கடைசி முறையாகவும் இருக்கும்.

என்றும் தங்கள் தம்பி,
முருகானந்தம்


வாழவந்தி நாடு
29 செப்டம்பர் 2025

முருகானந்தத்துக்கு,

நலம். இன்று எனக்குச் சரியாக எழுபத்தைந்தரை வயது.

பெண்கள் வந்து ஆறு நாள் தங்கி நேற்றுப் புறப்பட்டார்கள். மறுத்த ஆறு பேரில் மூவர் மனம் மாறியதால் பதினொருவர். அண்ணாமலையின் மகளும் வந்தாள். அவரும் கூடவே வந்தார். மூன்று அறைகளின் தாழ்ப்பாளையும் உள்ளேயிருந்து போட்டு, திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“போட்டிருக்கறபடி இருக்குதுங்க,” என்றார்.

“உரிமையாளரும் போட்டிருக்கறபடி இருக்குதுங்களா?”

“அதுவும் இருக்குதுங்க. ஆனா முந்திப் போட்டிருந்ததுல ஒண்ணு ரெண்டு நெசந்தானுங்க,” என்று சொல்லி, என் மறுமொழிக்குக் காத்திராமல் பஸ்ஸுக்கு ஓடினார். கையெழுத்தை முன்பே போட்டுவிட்டதால் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்கள் ஆற்றோரம் முழங்கால் சேற்றில் நின்று நூற்றுப் பன்னிரண்டு செடிகளை எழுதினார்கள். ஒருத்திக்கு அட்டை கடித்தது. மகிழ்ச்சியோடு எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். தளத்தைத் திருத்திவிட்டாய், அது முடிந்தது. ஆனால் ‘முதல் முறை’ என்று எழுதியிருக்கிறாய்.

1971 ஆகஸ்டில், பெட்டி தாழ்வாரத்துக்கு வந்த மறுநாள், நான் அந்தச் செய்தித்தாளின் கோவை அலுவலகத்துக்குப் போனேன். யாரைக் கேட்டு இதைப் போட்டீர்கள் என்று சண்டையிட்டேன். அங்கிருந்த எழுத்தர் பயந்துவிட்டார். “நாங்க எழுதலீங்கம்மா. குடுத்தத அப்படியே போட்டோமுங்க” என்று, வந்த தாளை, குத்தி வைத்திருந்த கம்பியிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். திருப்பிக் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். தாளின் அடியில் அது இருக்கிறது. அதற்கு மேலே எழுதியவன் எந்த ஏஜெண்டும் அல்லன். பெயர், வயது, நிறம், உயரம் எல்லாம் அப்பா சொல்லச் சொல்ல எழுதியவை. மாடு தொலைந்தாலும் அவர் அப்படித்தான் அடையாளம் சொல்வார். ‘சற்று மனநிலை சரியில்லாதவர்’ மட்டும் பிறகு இரண்டு வரிக்கு நடுவே, நெருக்கி, வேறு மையில் எழுதப்பட்டிருக்கிறது. அப்பா எதையும் சற்று என்று சொன்னதே கிடையாது. அப்படிச் சொன்னால் ஊரில் யாரும் அக்காவைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று அன்றைக்கும் உனக்குத் தோன்றியிருக்கும்.

ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக நான் இதைச் சொல்லாததற்குப் பெருந்தன்மை காரணம் அன்று. நீ எப்போது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாள் என் பெட்டியில் இருக்கிறது. கோடு போட்ட பள்ளி நோட்டிலிருந்து கிழித்தது. பின்பக்கத்தில், சா. முருகானந்தம், பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. கீழே வட்டத்தின் மையக்கோணத்தைப் பற்றிய தேற்றம், பாதி நிரூபணத்தோடு. இரண்டாம் படியில் தவறு செய்திருந்தாய். அந்தப் பக்கத்தை அன்றைக்கே சிவப்பு மையில் திருத்திவிட்டேன்.

முன்பக்கம் உன் வேலை.

அம்சவேணி